பாராட்டியே ஆகவேண்டுமா?

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பையோ பிளஸ் டூவையோ தமிழ்ப் பாடத்தோடு தாண்டி வந்தவர்களுக்கு அந்தக் கேள்வி மறந்திருக்காது. சில வரிகளில் ஒரு பாட்டைக் கொடுத்து, ‘இலக்கிய நயம் பாராட்டுக’ என்று போட்டிருப்பார்கள். அவ்வளவுதான், பேனா தானாக ஓட ஆரம்பித்துவிடும்.

முன்னுரை, திரண்ட கருத்து, மையக் கருத்து, மோனை, எதுகை, இயைபு, அணி, சந்தம், சுவை, முடிவுரை என்று வரிசையாகத் தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடு. மோனை என்றால் முதல் எழுத்து ஒன்றி வருவது, எதுகை என்றால் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது, இயைபு என்றால் கடைசியில் ஒன்றி வருவது. பாட்டிலிருந்து இரண்டிரண்டு சொற்களைப் பொறுக்கிப் பக்கத்தில் எழுதினால் அந்தப் பகுதி முடிந்தது. மோனைக்கு யானையையும் எதுகைக்கு வைகையையும் ஜோடி சேர்த்த வழக்கமான வரிகளை மேலே தூவிவிட்டால் விடைத்தாள் இன்னும் களைகட்டும். தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகள்கூட இந்த இடத்தில் வைகையைத்தான் எழுதுவார்கள். கைடில் வைகைதானே இருக்கிறது!

அணி எதுவும் பிடிபடவில்லையா? கவலையே வேண்டாம். ‘இயல்பு நவிற்சி அணி’ என்று எழுதிவிட வேண்டியதுதான். இயல்பாகச் சொல்லப்படாத பாட்டு உலகத்தில் உண்டா என்ன? இந்த ரகசியம் தலைமுறை தலைமுறையாகக் கடைசி பெஞ்சிலிருந்து முதல் பெஞ்சுவரை பரவியிருக்கிறது. பாட்டைப் படிக்காமலே முக்கால்வாசி மார்க்கை வாங்கிவிடலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். வாத்தியாருக்கும் தெரியும்.

இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேள்வி எப்படியோ பதிலும் அப்படித்தான் இருக்கும். குறை ‘பாராட்டுக’ என்ற அந்த வினைச்சொல்லில் இருக்கிறது. பாட்டைப் படித்து என்ன தோன்றியது என்று யாரும் கேட்கவில்லை, பாராட்டு என்று உத்தரவு போடுகிறார்கள். பிடிக்காவிட்டால்? புரியாவிட்டால்? படிக்கும்போது கோபம் வந்தால்? அதையெல்லாம் எழுத அந்தத் தாளில் இடமே இல்லை.

சரி, ஐந்து மார்க் கேள்விக்கு இவ்வளவு அலட்டல் தேவையா என்று கேட்கலாம். பன்னிரண்டு வருஷம் தமிழ் படித்துவிட்டு வெளியே வரும் ஒருவரிடம் ஒரு நாவலைக் கொடுத்துக் கருத்துக் கேட்டுப் பாருங்கள். ‘சூப்பர்’ என்பார், இல்லாவிட்டால் ‘மொக்கை’ என்பார். இந்த இரண்டுக்கும் நடுவில் பேசுவதற்கு அவரிடம் வார்த்தை இல்லை. ஏன் பிடித்தது, எந்த இடத்தில் பிடித்தது, எது உறுத்தியது என்று சொல்ல யாரும் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. மேடையில் ஒருவர் பேசுவதைக் கேட்டு, அவர் எந்தச் சொல்லை வைத்துக் கைதட்டல் வாங்குகிறார் என்று கவனிப்பதும் இதே பயிற்சிதான். விளம்பரத்தையும் தேர்தல் வாக்குறுதியையும் போனில் வந்து விழும் பரபரப்புச் செய்தியையும் எடைபோட வேறு தனிப் பயிற்சி கிடையாது. வகுப்பறையில் அதற்கென்று இருப்பது இந்த ஒரு மூலைதான், அதையும் பாராட்டுரைக்கு வாடகைக்கு விட்டாயிற்று.

சீவலப்பேரியிலிருந்து ஒரு பாட்டு

இதை வெறுமனே பேசினால் பிடிபடாது. ஒரு ஊரையும் ஒரு பாட்டையும் வைத்துப் பார்க்கலாம்.

பாளையங்கோட்டைக்கு வடகிழக்கே இருக்கிறது சீவலப்பேரி. பெரும்பாலோருக்கு இந்தப் பெயர் 1994-இல் நெப்போலியன் நடித்து வந்த ‘சீவலப்பேரி பாண்டி’ படத்தால் தெரியும். அதற்குப் பல நூற்றாண்டுக்கு முன்பே தமிழ் இலக்கியத்தில் இடம்பிடித்துவிட்ட ஊர் இது என்பது அவ்வளவாகத் தெரியாது. குற்றாலத்திலிருந்து வரும் சிற்றாறு தாமிரபரணியில் சேருவது இங்கேதான். கயத்தாறும் சேர்ந்து மூன்று ஆறுகள் கூடுவதால் முக்கூடல் என்று பெயர். (தாமிரபரணியிலேயே மேலே, அம்பாசமுத்திரம் பக்கம் இருக்கும் பீடித்தொழில் ஊரான முக்கூடல் வேறு.) இங்கே கோயில் கொண்டிருக்கும் அழகரையும் இந்த வயல்களையும் வைத்துப் பாடப்பட்டதுதான் முக்கூடற்பள்ளு. ஆசிரியர் யாரென்று உறுதியாகத் தெரியாது. ஆனாலும் பள்ளு நூல்களில் முதலில் நினைவுக்கு வருவது இதுதான். பாடநூல்களில் இடம்பெற்றிருக்கிறது, அரசுத் தேர்வுகளுக்குப் படிக்கிறவர்களும் பெயரை மனப்பாடம் செய்துவைத்திருப்பார்கள்.

அதில் மிகவும் பெயர்பெற்ற பகுதி, ஆற்றில் வெள்ளம் வரப்போவதற்கான அறிகுறிகளைச் சொல்லும் பாட்டு. மலையாளத் திசையிலும் ஈழத் திசையிலும் மின்னல் வெட்டுகிறது. மரக்கிளைகளைச் சுற்றிக் காற்று அடிக்கிறது. கிணற்றுத் தவளைகள் கத்துகின்றன. நண்டு தன் வளையைச் சேற்றால் அடைத்துக்கொள்கிறது. வானம்பாடிகள் மழையைத் தேடி ஆடுகின்றன. நாளைக்கு வெள்ளம் வந்துவிடும் என்று உழவர்களுக்கு ஒரே கொண்டாட்டம்.

இந்தப் பாட்டுக்குக் கைடு முறையில் நயம் பாராட்டுவது சுலபம். திரண்ட கருத்து, மழை வரும் அறிகுறிகள். மையக் கருத்து, இயற்கையின் சிறப்பு. அணி, சந்தேகமில்லாமல் இயல்பு நவிற்சி. சுவை, உவகை. சந்தம், ‘பாடுவோர்க்கும் கேட்போர்க்கும் இனிமை பயக்கிறது’. எல்லாம் சரி, ஒன்றும் தப்பில்லை. முழு மார்க்கும் கிடைத்துவிடும். இதே பத்து வரியைப் பாரதிதாசன் பாட்டுக்கு எழுதினாலும் பொருந்தும் என்பதுதான் சங்கடம்.

இப்போது சீவலப்பேரியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அந்தப் பிள்ளையிடம் ‘பாராட்டு’ என்று சொல்லாமல், ‘இதில் எந்த இடத்தில் நின்றாய்?’ என்று மட்டும் கேட்டால் என்ன வரும்?

நண்டு வரும். வயலில் இறங்கிப் பழகிய பிள்ளைக்கு நண்டு வளை தெரியும், அது மண்ணைத் தள்ளிக் குவிப்பது தெரியும். நகரத்தில் இருந்துகொண்டு கைடு எழுதுகிறவர் ‘நண்டு, இயற்கை வருணனை’ என்று தாண்டிப் போகும் இடத்தில், இந்தப் பிள்ளை அரைப் பக்கம் எழுதும். அடுத்து அந்த இரண்டு மின்னல். ஏன் இரண்டு திசை? தாமிரபரணிக்கு மலைமேல் தென்மேற்குப் பருவமழை, சமவெளியில் வடகிழக்குப் பருவமழை என்று இரண்டு மழையும் உண்டு. கார், பிசானம் என்று இரண்டு போகம் விளைந்த பூமி இது. வீட்டில் தாத்தாவிடமோ ஆச்சியிடமோ கேட்டால் மேற்கு மின்னலுக்கும் கிழக்கு மின்னலுக்கும் வித்தியாசம் சொல்வார்கள். பாட்டின் ஒரு வரிக்குள் ஒரு பள்ளத்தாக்கின் வானிலையே இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். எதுகையைத் தேடிக்கொண்டிருந்தால் தெரியாது.

இன்னொன்றும் வரும், அதுதான் முக்கியம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த மழையை அந்தப் பிள்ளை கண்ணால் பார்த்திருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று, நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். தாமிரபரணிக் கரை முழுக்க வீடுகளுக்குள் தண்ணீர். அதைப் பார்த்த பிள்ளை இந்தப் பாட்டைப் படித்துவிட்டு, ‘இவர்கள் வெள்ளம் வருகிறது என்று சந்தோஷப்படுகிறார்கள், எங்கள் வீட்டில் பயந்தோம்’ என்று எழுதினால்?

கைடின்படி இது தவறான விடை. சுவை உவகை என்று எழுதியிருக்க வேண்டும். ஆனால் உண்மையான வாசிப்பு இந்த வரியில்தான் ஆரம்பிக்கிறது.

அடுத்த கேள்வியை ஆசிரியர் கேட்டால் போதும். ‘பாட்டில் பயம் தெரிகிற சொல் எது, காட்டு பார்ப்போம்.’ பிள்ளை திரும்பிப் போய்த் தேடும், கிடைக்காது. ஆடுவதும் பாடுவதுமாகத்தான் இருக்கிறது. அப்படியென்றால் பயம் தன்னுடையது, சந்தோஷம் பாட்டினுடையது. ஏன் இந்த வித்தியாசம்? பாட்டில் இருக்கிறவர்களுக்கு வெள்ளம் என்றால் வாய்க்காலில் தண்ணீர், உழவு, விதைப்பு, கஞ்சி. இன்று மலையடியில் பாபநாசமும் மணிமுத்தாறும் அணைகளாக நிற்கின்றன. வெள்ளம் வருவதை இப்போது நண்டு சொல்வதில்லை, ‘உபரிநீர் திறப்பு’ என்று டிவி சொல்கிறது. முந்நூறு வருஷம் பின்னால் இருக்கும் ஒரு மனிதனின் சந்தோஷத்தைத் தன் பயத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்ட பிள்ளைக்கு அந்தப் பாட்டு ஆயுசுக்கும் மறக்காது.

இன்னும் ஒரு படி போகலாம். சந்தோஷப்படுவது யார்? பள்ளு நூலில் உழுகிறவன் குடும்பன். நிலம் அவனுடையதில்லை. மேலே பண்ணைக்காரன் இருக்கிறான். குடும்பன் வேலைக்கு ஒழுங்காக வரவில்லை என்று மூத்த மனைவி முறையிட, பண்ணைக்காரன் அவன் காலைத் தொழுமரத்தில் மாட்டிவைக்கிறான். பிறகு அவளே மனம் இரங்கி விடுவிக்கச் சொல்லிக் கேட்கிறாள். மூத்தவளும் இளையவளும் ஒருத்தியின் சாமியை இன்னொருத்தி ஏசும் சண்டை சிரிப்பை வரவழைக்கும். எல்லாம் நாடகம்போல நடக்கும். ஆனால் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் அந்தக் குடும்பனின் வழிவந்தவர்களும் இருப்பார்கள், பண்ணைக்காரன் பக்கத்தவர்களும் இருப்பார்கள். தொழுமரக் காட்சியை இருவரும் ஒரே மாதிரி ரசிக்க வேண்டும் என்று கேட்பது என்ன நியாயம்? ஒரு பிள்ளை ‘இந்த இடம் எனக்குப் பிடிக்கவில்லை, ஏனென்றால்...’ என்று எழுதத் துணிந்தால் அதுவும் இலக்கியத்துக்கு எழுதப்பட்ட பதில்தான். சொல்லப்போனால் அந்த நூலை மற்றவர்களைவிட அக்கறையாகப் படித்த பிள்ளை அதுதான். ‘பாராட்டுக’ என்ற கேள்வி அந்தப் பிள்ளையின் வாயைத்தான் முதலில் அடைக்கிறது.

நெல்லையில் நடந்த இரண்டு பள்ளிக்கூடங்கள்

இலக்கியத்தை எப்படிப் பேசுவது என்று கற்றுக்கொடுக்க வெளிநாட்டிலிருந்து ஆள் வரவேண்டியதில்லை. திருநெல்வேலியிலேயே இரண்டு பள்ளிக்கூடங்கள் நடந்திருக்கின்றன. இரண்டுக்கும் மணி கிடையாது, மார்க் கிடையாது.

முதலாவது, ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியாரின் வட்டத்தொட்டி. டி.கே.சி. வக்கீலுக்குப் படித்தவர். 1920-களில் வண்ணாரப்பேட்டையில் அவர் வீட்டு முற்றத்தில் நண்பர்கள் கூடுவார்கள். ஒரு கம்பன் பாட்டை எடுத்துத் திரும்பத் திரும்பப் பாடுவார். எந்தச் சொல்லில் குரல் ஏறுகிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்று காட்டுவார். பண்டிதர்கள் அடுக்கும் இலக்கணப் பெயர்கள் அவருக்கு இரண்டாம்பட்சம். பாட்டு காதில் விழுந்து இதயத்தில் தட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். ராஜாஜியும் கல்கியும் அவருடைய ரசனையில் மயங்கியவர்கள். தொ.மு.பாஸ்கரத் தொண்டைமான், நீதிபதி எஸ்.மகராஜன் போன்றவர்கள் அந்த வழியில் வளர்ந்தவர்கள். கடைசிக் காலத்தைக் குற்றாலத்தில் கழித்து 1954-இல் மறைந்தார்.

டி.கே.சி. கற்றுக்கொடுத்த பாடம் இன்றைய வகுப்பறைக்கு உடனே தேவைப்படுகிறது. பாட்டை முதலில் வாய்விட்டுப் படி. இதைச் செய்யாமல் சந்த நயம் எழுதுவது, சாப்பிடாமல் ருசி சொல்வதுதான்.

ஆனால் அவருடைய வழியிலும் ஒரு ஆபத்து இருந்தது. தன் காதுக்கும் இதயத்துக்கும் ஒவ்வாத கம்பன் பாடல்களை இடைச்செருகல் என்று தள்ளினார், பாடங்களைத் திருத்தவும் செய்தார். அதற்காக அறிஞர்கள் அவரைக் கடுமையாக விமர்சித்தார்கள். ரசனை மட்டுமே நீதிபதியாக உட்கார்ந்தால் நூல் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியதுதான். அதோடு, குரு ரசித்த இடத்தில் சீடரும் ‘ஆகா’ என்று சொல்லிப் பழகிவிட்டால் அதுவும் இன்னொரு கைடு ஆகிவிடும். அச்சடிக்காத கைடு, அவ்வளவுதான்.

இரண்டாவது பள்ளிக்கூடம், நா.வானமாமலையின் நெல்லை ஆய்வுக் குழு. நாங்குநேரிக்காரரான நா.வா. (1917–1980) பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தியவர். நாட்டுப்பாடல்களையும் கதைப்பாடல்களையும் தேடித் தொகுத்தவர். அவர் கூட்டிய குழுவில் இளைஞர்கள் கட்டுரை எழுதி வந்து வாசிப்பார்கள், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். இந்த முடிவுக்கு ஆதாரம் என்ன? இந்தச் செய்தி எங்கே கிடைத்தது? இதற்கு மாறாக ஒரு பாட்டு இருக்கிறதே, அதை என்ன செய்வாய்? பதில் சொல்ல முடியாவிட்டால் திரும்பப் போய் எழுதி வரவேண்டும். 1969-இல் தொடங்கிய ‘ஆராய்ச்சி’ இதழ் இந்தப் பட்டறையின் விளைச்சல். பெரிய பட்டம் இல்லாதவர்களும் ஆய்வாளர்களாக உருவானார்கள் என்றால், அதற்குக் காரணம் கேள்விகளைத் தாங்கி நிற்கப் பழகியதுதான்.

ஒன்று காதைத் திறந்தது, இன்னொன்று ஆதாரம் கேட்டது. ஒன்றில் கம்பன், இன்னொன்றில் கதைப்பாடல். கொள்கையில் இரண்டும் எதிரெதிர்த் துருவங்கள் என்றே சொல்லலாம். ஆனாலும் ஒரு வகுப்பறைக்கு இரண்டும் வேண்டும், அதுவும் இந்த வரிசையில்: முதலில் கேட்பது, பிறகு கேள்வி.

கேம்பிரிட்ஜிலும் இதே கதைதான்

தமிழ்ப் பிள்ளைகள்தான் இப்படி என்று யாராவது நினைத்தால் அது தப்பு. 1920-களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐ.ஏ.ரிச்சர்ட்ஸ் என்ற ஆசிரியர் ஒரு சோதனை செய்தார். எழுதியவர் பெயரை மறைத்துவிட்டுக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, தோன்றுவதை எழுதித் தரச் சொன்னார். எழுதியவர்கள் சாதாரணப் பிள்ளைகள் அல்ல, பலர் ஆங்கில இலக்கியமே பாடமாகப் படித்தவர்கள். பதில்களைப் பார்த்தால் தலைசுற்றியது. பெரிய கவிஞர்களைக் குப்பை என்றிருந்தார்கள், சுமாரான கவிதையைத் தூக்கிவைத்து ஆடியிருந்தார்கள். பலருக்கு நேர்ப்பொருளே பிடிபடவில்லை. பதின்மூன்று கவிதைகளுக்கு வந்த அந்தப் பதில்களை அலசி 1929-இல் ஒரு புத்தகம் போட்டார்.

எங்கெல்லாம் தடுக்கி விழுகிறார்கள் என்று அவர் ஒரு பட்டியல் கொடுத்தார். அதில் இரண்டு விஷயம் அப்படியே இங்கே பொருந்தும். ஒன்று, தயார்நிலைப் பதில்: நிலா என்றால் அழகு, தாய் என்றால் தியாகம் என்று பாட்டு சொல்வதற்கு முன்பே மனசில் அச்சடித்து வைத்திருப்பது. இன்னொன்று, ஓசையும் வடிவும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து அதை வைத்தே கவிதையின் தரத்தை முடிவுசெய்வது. தமிழ்நாட்டுத் தேர்வில் பாடமாகச் சொல்லிக்கொடுக்கப்படுவதை, அவர் நூறு வருஷத்துக்கு முன்பே கோளாறு என்று குறித்துவைத்தார்!

அமெரிக்காவில் லூயிஸ் ரோசன்பிளாட் 1938-இல் எழுதிய நூலில் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். வாசகர் தன் வாழ்க்கையோடுதான் ஒரு நூலுக்குள் வருகிறார், அதை வாசலில் கழற்றிவைக்கச் சொல்ல முடியாது. ஆனால் முதலில் தோன்றியதோடு நின்றுவிடக் கூடாது. திரும்ப நூலுக்குப் போய், தோன்றியது அங்கே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெள்ளத்தைக் கண்டு பயந்த சீவலப்பேரிப் பிள்ளைக்கு வேண்டியது இந்த இரண்டு அடிகள்தான்.

இதையெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்குகிறவர்களுக்கு நன்னூல் இருக்கிறது. பவணந்தி முனிவர் அதன் பொதுப்பாயிரத்தில் ஒரு கணக்குச் சொல்கிறார். ஆசிரியர் சொல்வதை ஒழுங்காகக் கேட்டுக்கொண்டால் கால்பங்குதான் வரும். கூடப் படிக்கிறவர்களோடு பேசிப் பழகினால் இன்னொரு கால்பங்கு. மீதி அரைப்பங்கு, தானே பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டார்கள். இன்றைய நயம் பாராட்டல் அந்த முதல் கால்பங்கோடு கடையைச் சாத்திவிடுகிறது. அதுவும் ஆசிரியர் சொன்னதைக்கூட அல்ல, கைடு சொன்னதை.

எதிர்வாதங்கள்

இப்படி மாற்ற முடியாது என்று சொல்கிறவர்களிடமும் நியாயம் இருக்கிறது. அவர்கள் சொல்வதைக் கேட்காமல் பேசுவது சரியில்லை.

‘தோன்றியதை எழுது என்றால் ஆளுக்கொன்று எழுதுவார்கள், எப்படி மார்க் போடுவது?’ இது முதல் கேள்வி. கணக்கில் விடை தப்பானாலும் ஸ்டெப் மார்க் போடுகிறார்கள் அல்லவா? இதிலும் போடலாம். பாட்டின் நேர்ப்பொருளைச் சரியாகப் புரிந்துகொண்டதற்கு இவ்வளவு. தன் கருத்தைத் தெளிவாகச் சொன்னதற்கு இவ்வளவு. அதற்குப் பாட்டிலிருந்தே ஆதாரம் காட்டியதற்கு இவ்வளவு. கருத்து என்ன என்பதற்கு மார்க் கிடையாது, காட்டிய ஆதாரத்துக்குத்தான் மார்க். அப்போது ஆளுக்கொன்று எழுதினாலும் ஒரே அளவுகோலால் அளக்கலாம்.

‘முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற பிள்ளைக்கு அந்தப் பத்துத் தலைப்புதான் கைப்பிடி. அதையும் பிடுங்கினால் ஃபெயில் ஆகிவிடும்.’ இது இரண்டாவது. இதை லேசாகத் தள்ள முடியாது. அந்தத் தலைப்புகள் எத்தனையோ பேரைக் கரை சேர்த்திருக்கின்றன. அதனால் பிடுங்க வேண்டாம், பக்கத்தில் இன்னொரு கேள்வியைச் சேர்த்தால் போதும். ‘இந்தப் பாட்டில் உங்களை நிறுத்திய ஒரு சொல்லையோ காட்சியையோ எடுத்துக்கொண்டு, காரணத்தைப் பாட்டிலிருந்தே காட்டி எழுதுக’ என்று ஒரு கேள்வி. இதில் நகரத்துப் பிள்ளையைவிட வயக்காட்டுப் பிள்ளைக்குத்தான் சௌகரியம். நண்டு வளையும் வாய்க்காலும் மின்னலும் அதன் கையில் இருக்கின்றன. பத்துத் தலைப்பு முறை, ‘உனக்குத் தெரிந்தது எதுவும் இங்கே செல்லாது’ என்று அந்தப் பிள்ளையிடம் ஒவ்வொரு தேர்விலும் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஏழைப் பிள்ளைக்காகவே அது இருக்கிறது என்று சொன்னால் எப்படி?

‘ஐம்பது பேர் இருக்கிற வகுப்பில் ஒவ்வொருவர் எழுதியதையும் படிக்கத் தமிழ் ஐயாவுக்கு நேரம் ஏது?’ இது மூன்றாவது. உண்மைதான். ஆனால் எல்லாவற்றையும் அவரே படிக்க வேண்டியதில்லை. நன்னூல் சொன்ன அந்தக் கால்பங்கு இதற்குத்தான். நாலு நாலு பேராக உட்கார்ந்து ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கட்டும், ஆளுக்கு ஒரு கேள்வி எழுதட்டும். வாரத்துக்கு ஐந்து தாளை மட்டும் ஆசிரியர் எடுத்துப் பார்த்தாலும் ஒரு பருவத்தில் எல்லாருடையதையும் பார்த்துவிடலாம்.

2018, 2019 ஆண்டுகளில் வந்த புதிய பாடநூல்களில் ‘மொழியை ஆள்வோம்’, ‘மொழியோடு விளையாடு’ என்று நல்ல பகுதிகள் இருக்கின்றன. பத்தாம் வகுப்புத் தேர்வில் ஒரு படத்தைக் கொடுத்துக் ‘காட்சியைக் கண்டு கவினுற எழுதுக’ என்றுகூடக் கேட்கிறார்கள். அருமையான கேள்வி. ஆனால் எந்தப் படம் வந்தாலும் எழுதலாம் என்று அதற்கும் பொதுவான வரிகள் தயாராகிவிட்டன. ஆகவே கேள்வித்தாளை மாற்றினால் மட்டும் போதாது. வகுப்பில் நடப்பது மாற வேண்டும்.

அப்படியென்றால் வகுப்பில் என்ன செய்வது?

பெரிய திட்டமெல்லாம் தேவையில்லை. ஒரு பாட்டு, இரண்டு பீரியட் போதும்.

முதலில் பாட்டை மூன்று முறை வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஒரு முறை ஆசிரியர், ஒரு முறை ஒரு மாணவர், ஒரு முறை எல்லாரும். இதுவரை விளக்கம் எதுவும் கூடாது.

அடுத்து, புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொருவரும் மூன்று வரி எழுத வேண்டும். எந்த இடத்தில் நின்றேன், எது புரியவில்லை, எது எதையோ ஞாபகப்படுத்தியது. ‘புரியவில்லை’ என்று எழுதுவதற்கு வெட்கப்படக் கூடாது. ரிச்சர்ட்ஸின் மாணவர்களுக்கே புரியவில்லை.

பிறகு, எழுதியதைப் பக்கத்தில் இருப்பவர் படித்து ‘பாட்டில் எங்கே இருக்கிறது, காட்டு’ என்று கேட்க வேண்டும். இந்த ஒரு கேள்வியே பாதி வேலையைச் செய்துவிடும். காட்ட முடிந்தால் அது கட்டுரைக்கு விதை. காட்ட முடியாவிட்டால், தனக்கு ஏன் அப்படித் தோன்றியது என்று யோசிப்பதும் விதைதான்.

மோனை, எதுகை, அணியெல்லாம் அதற்குப் பிறகு வரட்டும். அவை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அந்த வெள்ளப் பாட்டைச் சத்தமாகப் படித்தால் ஒவ்வொரு அறிகுறியும் ஒரே தாளத்தில் வந்து விழுவது காதுக்குத் தெரியும். ஏன் இப்படி விழுகிறது என்று பிள்ளையே கேட்கும்போது ‘இதற்குப் பெயர் இயைபு’ என்று சொன்னால், அந்தப் பெயருக்கு ஒரு வேலை இருக்கும். அதுவரை அது வெறும் தலைப்பு.

கடைசியாக, மறுநாள் அதையே ஒரு பக்கமாகத் திருப்பி எழுத வேண்டும். முதலில் எழுதிய மூன்று வரியிலிருந்து கருத்து மாறியிருந்தால் அதையும் எழுதலாம். அந்தத் தாளின் ஓரத்தில் ஆசிரியர் ‘நன்று’ என்று போடுவதற்குப் பதில் ஒரு கேள்வி எழுதிக் கொடுத்தால், அடுத்த பாட்டுக்கு அந்தப் பிள்ளை இன்னும் கவனமாக வரும்.

இவ்வளவும் செய்த பிறகு ஒரு பிள்ளை ‘இந்தப் பாட்டு அருமை’ என்று எழுதினால், அது உத்தரவுக்காக எழுதியது அல்ல, அந்தப் பிள்ளையே கண்டுபிடித்தது. ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று காரணத்தோடு எழுதினாலும் முக்கூடல் அழகருக்கோ முக்கூடற்பள்ளுக்கோ ஒரு குறையும் வந்துவிடாது. இத்தனை வெள்ளத்தைத் தாண்டி வந்த நூல் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் கேள்வியையும் தாண்டிவிடும்.

இதைப் படிக்கிறவர்கள் ஒரு காரியம் செய்து பார்க்கலாம். பள்ளிக்கூடத்தில் நயம் பாராட்டிய பாட்டு ஒன்றை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். அதில் உண்மையாகவே உங்களை நிறுத்திய ஒரு சொல் உண்டா? இருந்தால், ஏன் நின்றீர்கள் என்று மூன்று வரி எழுதிப் பாருங்கள். ஒரு சொல்கூட ஞாபகம் வரவில்லை, தலைப்புகள் மட்டும்தான் வருகின்றன என்றால், அந்தப் பாட்டை இனிமேல்தான் படிக்க வேண்டும்.